வீட்டை மாற்றியமைக்கும் இன்டீரியர் டிசைனர்கள்: சுவரில் சுத்தியல் விழும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கையிலிருக்கும் போனைத் திறந்தால் போதும். அழுக்கேறிய சுவர், பெயர்ந்த டைல்ஸ், சாமான்கள் குவிந்த சமையலறை என்று ஒரு பழைய வீடு வரும். முப்பது விநாடியில் அதே வீடு ஹோட்டல் அறை மாதிரி பளபளவென்று மாறிவிடும். ‘முன்பு – பின்பு’ வீடியோக்கள் இல்லாத நாளே இல்லை. பார்க்கிற யாருக்கும் “நம்ம வீட்டையும் இப்படிப் பண்ணிடலாமா?” என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்யும்.

தோன்றுவதில் தவறில்லை. இருபது வருடத்துக்கு முன்பு வாங்கிய ஃபிளாட், பெரியவர்கள் கட்டிவைத்த தனி வீடு, நேற்று சாவி கைக்கு வந்த புது வீடு என எதுவாக இருந்தாலும் அதில் வாழ்பவர்களின் தேவை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அன்றைக்குக் குழந்தையாக இருந்தவருக்கு இன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு மேசை வேண்டும். அன்றைக்கு மாடிப்படியைத் தாவி ஏறிய அப்பாவுக்கு இன்று பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். வீடு மாறத்தான் வேண்டும்.

ஆனால் அந்த முப்பது விநாடி வீடியோவில் வராத மூன்று விஷயங்கள் உண்டு: கொட்டேஷன் பேப்பர், இடித்த சுவர், வேலை முடிந்த பிறகு வந்த பில். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு இந்த மூன்றில்தான் நிற்கிறது, சில நேரங்களில் அக்கம்பக்கத்து வீடுகளின் பாதுகாப்பும் சேர்த்து.

இன்டீரியர் டிசைனர் என்றால் யார்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. நம் நாட்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ‘இன்டீரியர் டிசைனர்’ என்று போர்டு மாட்ட அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. இந்திய இன்டீரியர் டிசைனர்கள் நிறுவனம் என்ற தொழில்முறை அமைப்பு 1972 முதல் இயங்குகிறது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். சேராமலும் தொழில் செய்யலாம்.

ஆர்க்கிடெக்ட் விஷயத்திலேயே சட்டம் காப்பது பெயரைத்தான், வேலையை அல்ல. பதிவு செய்யாத ஒருவர் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாதே தவிர, வடிவமைப்பு வேலையைச் செய்வதற்கு அந்தச் சட்டம் தடைபோடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவுபடுத்தியது.

ஆக, நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவரும் இன்டீரியர் டிசைனர்தான். ஆறு மாத டிப்ளமோ முடித்தவரும் அதேதான். முப்பது வருடம் ஆசாரி வேலை பார்த்து அனுபவத்தில் தேறியவரும், நேற்றுவரை வேறு தொழில் செய்து இன்று விசிட்டிங் கார்டு அடித்தவரும்கூட அதே பெயரில்தான் வருகிறார்கள். இவர்களில் ஆசாரியிடம் பட்டதாரியைவிட நல்ல வேலை கிடைக்கலாம். பிரச்சினை, யார் எப்படிப்பட்டவர் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதுதான்.

2014-ல் தொடங்கிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற நிறுவனங்களின் வருகைக்குப் பிறகு இந்தத் தொழில் ஓரளவு ஒழுங்குக்குள் வந்தது. இன்றும் ஏராளமான வீடுகளில் வேலை நடப்பது, தெரிந்தவர் சொல்லி வந்த ஒரு டிசைனர், அவர் கூட்டிவரும் கார்பென்டர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தொகை என்ற அளவில்தான்.

நல்ல டிசைனர் உண்மையில் என்ன செய்வார்?

அவர் முதலில் கலர் கார்டை எடுக்க மாட்டார். கேள்வி கேட்பார்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? காலையில் முதலில் எழுந்து சமையலறைக்குப் போவது யார்? அவர் உயரம் என்ன? வெட் கிரைண்டர் எங்கே இருக்கிறது? வாரத்துக்கு எத்தனை முறை மாவு அரைக்கிறீர்கள்? துணி எங்கே காயப்போடுகிறீர்கள்? விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார்கள்? பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பெரிய பாத்திரங்களை எங்கே வைக்கிறீர்கள்?

இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் டிசைன். சமையல் மேடை, நின்று சமைப்பவரின் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது என்பது பொதுவான கணக்கு. ‘ஸ்டாண்டர்டு சைஸ்’ என்று எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் மேடை போட்டால், குள்ளமானவர் தினமும் தோளைத் தூக்கிக்கொண்டுதான் தோசை வார்க்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் வரும் சமையலறையில் கிரைண்டர் கிடையாது, பத்து கிலோ அரிசி டப்பாவும் கிடையாது. அதை அப்படியே நகலெடுத்தால், வேலை முடிந்த மறுவாரமே கிரைண்டர் பால்கனிக்குப் போய்விடும்.

நம்ம ஊர் வெயிலையும் நல்ல டிசைனர் கணக்கில் எடுப்பார். மதிய வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டி வார்ட்ரோப் வந்தால் அறைக்குள் இறங்கும் சூடு குறையும். சென்னையில் மாலைக் கடற்காற்று வரும் பக்கத்து ஜன்னலை டி.வி. யூனிட் வைத்து மறைத்தால், அறை அழகாகத்தான் தெரியும். ஆனால் ஏ.சி. போடாமல் உட்கார முடியாது. வருடம் முழுக்கக் கரன்ட் பில்லில் அந்த அழகுக்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஃபால்ஸ் சீலிங்கும் அப்படித்தான். வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி இருக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஏ.சி. அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் போதும். ஏற்கெனவே ஒன்பதரை அடி உயரமே உள்ள ஃபிளாட்டில் முக்கால் அடிக்கு ஜிப்சம் சீலிங் இறக்கினால் கணக்கு இடிக்கிறது. ஃபேனும் தலைக்கு நெருக்கமாக வந்துவிடும். “சீலிங் வேண்டாம் மேடம், ஓரத்தில் மட்டும் லைட்டுக்குப் பட்டை போதும்” என்று சொல்லும் டிசைனர் தன் வருமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார். அப்படிச் சொல்பவரை நம்பலாம்.

கொட்டேஷனில் ஒளிந்திருப்பது என்ன?

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். “ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்வளவு” என்று ஒரு தொகை சொல்வார்கள். எந்தச் சதுர அடி? வீட்டின் தரைப் பரப்பா, அலமாரியின் முன்பக்கப் பரப்பா? சமையலறையை மட்டும் சிலர் நீள அடியில் கணக்கிடுவார்கள். மூன்று பேரிடம் மூன்று கொட்டேஷன் வாங்கினாலும் மூன்றும் வெவ்வேறு கணக்கில் இருந்தால் ஒப்பிடவே முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகள் கணக்குப் புரிவதற்காக மட்டுமே. 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரு வார்ட்ரோப். முன்பக்கப் பரப்பு 42 சதுர அடி. சதுர அடி 1,500 ரூபாய் என்றால் 63,000 ரூபாய். “அறுபத்து மூணுதானே” என்று தலையாட்டிவிடுகிறோம். பிறகு அதன் மேலே 2 அடி பரண்: 12 சதுர அடி, 18,000 ரூபாய். உள்ளே டிராயர், சத்தமில்லாமல் மூடும் கீல், கைப்பிடி, கண்ணாடி எல்லாம் ‘எக்ஸ்ட்ரா’: 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,01,000. அதற்கு 18% ஜி.எஸ்.டி. 18,180 ரூபாய். கடைசியில் கொடுப்பது 1,19,180 ரூபாய். மனதில் பதிந்த தொகையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வார்ட்ரோப் என்றால் அதில் என்னென்ன அடக்கம் என்று நாம் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. அவ்வளவுதான்.

டிசைனருக்குச் சம்பளம் எப்படி வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலர் வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் தனிக் கட்டணம் வாங்குவார்கள். சிலர் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்பார்கள். சிலர் பொருள், கூலி எல்லாம் சேர்த்து ‘டர்ன்கீ’ முறையில் எடுப்பார்கள். சதவீதக் கணக்கில் செலவு ஏறினால் அவர் வருமானமும் ஏறும். டர்ன்கீ முறையில் பொருளின் தரம் இறங்கினால் அவர் லாபம் ஏறும். கடைக்காரரிடமிருந்து கமிஷன் வருவதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. எந்த முறையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த முறை என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியும்.

‘வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்’ என்றால் என்ன?

கடையில் எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான். முத்திரையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டுச் சாமான்களுக்குப் பரவலாகப் பயன்படும் பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எண் ஐ.எஸ். 303. இதில் எம்.ஆர். என்று வருவது ஓரளவு ஈரப்பதத்தை மட்டுமே தாங்கும். தண்ணீரில் நனைந்தால் தாங்காது. படுக்கையறை அலமாரிக்குப் போதும். ‘மரைன்’ என்று சொல்லப்படும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டுக்கு எண் ஐ.எஸ். 710. சிங்க் அடியில், பாத்ரூம் வாசலில், தண்ணீர் படும் இடங்களில் இதுதான் நிற்கும். இரண்டுக்கும் மேலே ஒரே மைக்காவை ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. மூன்றாவது மழைக்காலத்தில் சிங்க் அடியில் பலகை ஊதும்போதுதான் தெரியும்.

விலை குறைவான பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளிலும் வேலை செய்யலாம். ஆனால் அவற்றின் வெட்டிய விளிம்பு வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும் என்பதால் விளிம்புப் பட்டை நாலா பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு உள்பக்கத்தை விடுவது பழைய தந்திரம். டெலிவரி அன்று அலமாரியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது, மூக்கு உறுத்துகிறது என்றால், அதை ‘புது வாசனை’ என்று விட்டுவிடக் கூடாது. பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசிகிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் பொருள் அது. கசிவு குறைந்த பலகைகள் இ-0, இ-1 என்ற குறியீட்டில் கிடைக்கின்றன. எந்தப் பலகை வாங்கினாலும், வேலை முடிந்ததும் ஜன்னல் கதவுகளைத் திறந்துபோட்டுச் சில நாள் காற்றாட விட்டு, பிறகு குடிபோவது நல்லது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

எந்தச் சுவரை இடிக்கலாம்?

“இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் எவ்வளவு பெரிசாத் தெரியும் பாருங்க!” என்று டிசைனர் சொல்வார். தெரியும்தான். ஆனால் அந்தச் சுவர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அங்கே தூண், பீம் என்று தனியாகக் கிடையாது. ஒரு சுவரை எடுத்தால் மேலே உள்ளது இறங்கும். பிறகு வந்த தூண்–பீம் கட்டடங்களில் பெரும்பாலும் சுவர் வெறும் தடுப்புதான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்கலாம். ஆனால் தூணையோ பீமையோ ஓர் அங்குலம்கூடக் கொத்தக் கூடாது. இப்போது வரும் உயரமான அடுக்குமாடிகளில் ‘மைவான்’ என்று சொல்லும் அலுமினிய அச்சுமுறை அதிகம். அதில் பெரும்பாலான சுவர்கள் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். கட்டடத்தைத் தாங்குவதே அவைதான். அங்கே கதவை நகர்த்துவது மட்டுமல்ல, வயர் பதிக்கச் சுவரில் ஆழமாகக் காடி வெட்டுவதும் தவறு.

இதற்கு விலை என்ன என்பதை குருகிராம் சொல்கிறது. 2022 பிப்ரவரி 10 அன்று அங்கே சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் ஒரு கட்டடத்தில், 6-வது மாடி வீட்டில் தரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தளம் சரிந்து, கீழே இருந்த வீடுகளின் தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். பின்னர் ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்கள் ஆராய்ந்தபோது, கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்திருந்ததும் கம்பிகள் துருப்பிடித்திருந்ததும் தெரியவந்தது. அதாவது, நோய் கட்டடத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. வேலை செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதனால்தான் தரையைப் பெயர்ப்பதற்கும் சுவரை இடிப்பதற்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் எழுத்துபூர்வமான கருத்து வேண்டும் என்கிறோம். அதற்காகும் கட்டணம், ஒரு சோபாவின் விலைகூட இருக்காது.

தூண், பீம், தளம் எல்லாம் உங்கள் வீட்டுக்குள் தெரிந்தாலும் கட்டடம் முழுவதையும் தாங்குபவை. எனவே சங்கத்திடம் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்குவது வெறும் சம்பிரதாயம் அல்ல. புது ஃபிளாட் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாட்களுக்குள் பில்டர் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் சுவரை இடித்திருந்தால், “குறை எங்களுடையதல்ல, நீங்கள் செய்த வேலையால் வந்தது” என்று அவர் கைகழுவ வழி கிடைத்துவிடும்.

கண்ணில் படாத ஆபத்துகள்

பாத்ரூம் டைல்ஸை மாற்றும்போது அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும். புதிதாகப் பூசி, தண்ணீரைத் தேக்கி ஒன்றிரண்டு நாள் விட்டு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். “டைம் இல்ல சார்” என்று இந்தச் சோதனையைத் தாண்டிப்போனால், கீழ்வீட்டுக்காரரோடு ஆயுசுக்கும் சண்டைதான்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடித்த எனாமலில், ஈயம் அதிகமாக இருந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது தூசியாகப் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது அது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தேய்க்கும் தொழிலாளிக்கு மாஸ்க் கொடுப்பது வேலைக்கு எடுத்தவரின் பொறுப்பு.

மின்சாரத்திலும் அப்படியே. புதிதாக ஏ.சி., இன்டக்‌ஷன் அடுப்பு, கீசர் எல்லாம் சேர்க்கும்போது பழைய வயரும் பழைய மின் இணைப்பின் சுமை அளவும் போதுமா என்று பார்க்க வேண்டும். ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், முதல் செலவு அதற்குத்தான் போக வேண்டும். அலங்கார லைட் அப்புறம்.

இடிபாடுகளைத் தெருமுனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவது குற்றம். சென்னையில் இவற்றை மறுசுழற்சி செய்யப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நிலையங்கள் உள்ளன. அகற்றும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பேப்பரில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

“நம்பிக்கைதானே சார் எல்லாம்” என்பார்கள். நம்பிக்கை இருக்கட்டும், பேப்பரும் இருக்கட்டும். குறைந்தபட்சம் இவை வேண்டும்:

• ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, பலகையின் வகை, கனம், ஐ.எஸ். எண், பிராண்ட் பெயர். ‘நல்ல தரம்’, ‘பிராண்டட்’ என்ற சொற்கள் மட்டும் போதாது.

• எந்தச் சதுர அடிக் கணக்கு, எது அடக்கம், எது கூடுதல், ஜி.எஸ்.டி. உட்பட மொத்தம் எவ்வளவு.

• அளவு குறித்த வரைபடம், இரு தரப்புக் கையெழுத்துடன். கணினியில் வரைந்த வண்ணப்படம் மட்டும் ஒப்பந்தம் ஆகாது.

• வேலை முடிந்த அளவுக்கேற்பத் தவணை. முன்பணமாகப் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்கும் உரிமை நம் கையில் இருக்காது. கடைசி 5 முதல் 10 சதவீதத்தை, குறைகளைச் சரிசெய்து முடித்த பிறகே தருவதாக எழுதலாம்.

• முடிக்கும் தேதி, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு. வாடகை வீட்டில் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் பணம்.

• நடுவில் மாற்றம் வந்தால், தொகையை எழுதி ஒப்புக்கொண்ட பிறகே வேலை. “அப்புறம் பாத்துக்கலாம்” என்ற வார்த்தைதான் பட்ஜெட்டைத் தின்கிறது. இதில் பல நேரம் தவறு நம் பக்கமும் உண்டு. பாதி வேலையில் மனம் மாறுவது நாம்தானே.

• எத்தனை ஆண்டு உத்தரவாதம், எதற்கு உண்டு, எதற்கு இல்லை. தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு.

இதோடு, அவர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் செய்து முடித்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிடுங்கள். நேற்று முடித்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீடுதான் உண்மை பேசும்.

ஏமாந்தால் எங்கே போவது?

பணம் கொடுத்துப் பெறும் சேவை என்பதால் இது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம்.

ஆனால் ஆணையம் முதலில் கேட்பது ஆவணம். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்தை நிரூபிப்பது கடினம். பில் இல்லாமல் செய்தால் வரி மிச்சம் என்று நினைத்தால், பிரச்சினை வரும் நாளில் வழக்குக்கான ஆதாரமும் சேர்ந்தே போயிருக்கும்.

அரசு செய்யக்கூடிய சிறிய காரியம்

ஒவ்வொரு டிசைனருக்கும் லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் போடச் சொல்வது எளிது. அப்படிச் செய்தால் படிப்பு இல்லாமல் அனுபவத்தால் உயர்ந்த ஆசாரிகள்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். அது நியாயமும் அல்ல, தேவையும் அல்ல.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வீடு விற்பனைக்கு மாதிரி ஒப்பந்தப் படிவம் ரெரா விதிகளில் இருக்கிறது. அதேபோல வீட்டு உள்வேலைக்கும் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை அரசு வெளியிடலாம். இரண்டு மூன்று பக்கம் போதும். பொருளின் தரம், அளவு, தவணை, தேதி, உத்தரவாதம், இடிப்பு வேலைக்கு இன்ஜினீயர் சான்று, இடிபாடு அகற்றுதல், தொழிலாளர் பாதுகாப்பு என்று கட்டங்கள் போட்ட ஒரு படிவம். சங்கங்கள் அனுமதி கொடுக்கும்போது அந்தப் படிவத்தைக் கேட்கலாம். வங்கிகள் வீடு புதுப்பிக்கக் கடன் கொடுக்கும்போது கேட்கலாம். நேர்மையான டிசைனருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. சொல்லப்போனால், பாதி விலைக்குச் செய்வதாகச் சொல்லி இடையில் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களிடமிருந்து அவருக்கும் இது பாதுகாப்பு. கூலி நிலுவை இல்லாமல் கிடைக்கும் என்பதால் தொழிலாளிக்கும் லாபம்.

அந்தப் படிவம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன பட்டியலை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அடுத்த முறை டிசைனர் வீட்டுக்கு வரும்போது மேசையில் வையுங்கள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவரை அனுப்பிவிடலாம். “நல்லது, நானும் இதைத்தான் கேட்கலாம்னு இருந்தேன்” என்று பேனாவை எடுப்பவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.